பூஜ்யத்தில் ஒரு ஜோடி அன்னம்

ஜூன் 8, சனி

ஸ்டூடியோ முதலாளி கென்னடி அண்ணன் இன்று ஒரு பெண்ணிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். எனக்குக் கண் குளிர்ந்துபோனது.

பெண்ணின் பெயர் சுபாஷினி. பெங்களூரில் வேலை. அவளுடைய அப்பா வேலாயுதம் சாருக்கு அடுத்த மாதம் ஏழாம் தேதி இங்கே தென்காசியிலேயே அறுபதாம் கல்யாணம். தொண்ணூற்று நான்கில் நடந்த அவருடைய நிஜக் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தது எங்கள் ஸ்டூடியோதான். அந்த கேசட்டில் பூஞ்சை பிடித்து, ஒன்றும் தெரியாமல் போய்விட்டதாம். ஆனால் அதன் தொடக்கத்தில் வந்த டைட்டிலைச் சின்ன வயதில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறாள். இரண்டு பக்கமிருந்தும் இரண்டு அன்னங்கள் நீந்தி வரும். நடுவில் வந்து கழுத்தை வளைத்து நிற்கும். குத்துவிளக்கு எரியும். ரோஜா இதழ் உதிரும். பிறகு மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், நாள், இடம். அப்பாவும் அம்மாவும் மேடை ஏறும்போது மண்டபத்துப் பெரிய எல்இடி திரையில் அதே டைட்டில் ஓட வேண்டும் என்கிறாள்.

"அதேதாம்மா இது. புதுசா பளபளன்னு செஞ்சி வச்சிருக்கேன், பாரு" என்று கென்னடி அண்ணன் தன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்.

அவள் பார்த்தாள். "அங்கிள், இது வாத்து" என்றாள்.

அந்தப் பழைய அன்னங்களை வரைந்தவள் நான். பத்தொன்பது வயதில் இந்த ஸ்டூடியோவில் சேர்ந்த புதிதில், அமிகா கம்ப்யூட்டரில், மவுஸைப் பிடித்துப் புள்ளி புள்ளியாக வரைந்தேன். அதில் தமிழ் எழுத்தும் கிடையாது. எந்தக் கல்யாணத்துக்கு என்ன எழுத்து வேண்டுமோ அதை வரைந்து சேர்த்துக்கொண்டே வந்தேன். ஊரில் பாதிப் பேரை அந்தத் திரையில் ஜோடி சேர்த்தது இந்த உலகம்மாள்தான். என் பெயரை அதில் போடத்தான் வேளை வரவில்லை. வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தார்கள், அப்பா போனார், அம்மாவும் போனாள், நான் டைட்டில் போட்டுக்கொண்டே இருந்தேன். அது கிடக்கட்டும்.

"அண்ணே, அமிகா பரண்லதான இருக்கு?" என்று கேட்டேன்.

"அது செத்துப் பல வருசமாச்சே உலகு."

"செத்துச்சா தூங்குதான்னு திரவியம் அண்ணாச்சிட்ட காட்டுவோம். எறக்குங்க."

சுபாஷினி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

ஜூன் 9, ஞாயிறு

பரணில் ஏறினேன். கென்னடி அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "விழுந்து தொலச்சிராத" என்று முப்பது தடவை சொன்னார். அமிகா அப்படியே இருந்தது. மஞ்சள் பூத்த கீபோர்டு, அதன் வயிற்றிலேயே கம்ப்யூட்டர், வலது விலாவில் பிளாப்பி போடுகிற வாய். டைட்டில்களைச் சேமித்து வைத்த பிளாப்பிகளும் டப்பாவோடு இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் என் கையெழுத்து. "வேலாயுதம் – சரோஜினி" என்று பச்சை மையில் எழுதியது கிடைத்தபோது நான் பரணிலிருந்தே கத்தினேன். அண்ணன் ஏணியை விட்டுவிட்டார்.

அதன் தகட்டைத் தள்ளிப் பார்த்தால், உள்ளே கறுப்பு வட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. குற்றாலச் சாரல் ஊருக்கெல்லாம் இதம். பிளாப்பிக்கு எமன்.

ஜூன் 10, திங்கள்

திரவியம் அண்ணாச்சியின் டிவி ரிப்பேர் கடை எங்கள் ஸ்டூடியோவுக்கு எதிர்வரிசையில்தான் இருக்கிறது. மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. கடையும் வீடும் ஒன்றேதான். முன்னால் கடை, பின்னால் அடுப்பு. அமிகாவைக் கொண்டுபோய் மேஜையில் வைத்ததும் மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பிறந்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பவர் பெட்டியைத் திறந்து உப்பியிருந்த பாகங்களை எல்லாம் மாற்றினார். சுவிட்சைப் போட்டார். திரை கறுத்தது, சாம்பலானது, வெளுத்தது. பிறகு அந்தப் படம் வந்துவிட்டது! ஒரு கை, ஒரு பிளாப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம். பிளாப்பியைப் போடு என்று அமிகா கேட்கிற விதம் அது. நான் கைதட்டினேன். ஐம்பதை எட்டப்போகிறவள், கடைத்தெருவில் நின்று கைதட்டினேன்.

"உசுரு இருக்கு உலகம்மா. இனி சோறு போடணும்" என்றார்.

சோறுதான் இல்லை. சுமாரான பிளாப்பி ஒன்றைப் போட்டோம். கரகரவென்று அரைத்துவிட்டுப் படிக்க மாட்டேன் என்றது. பூஞ்சை, பிளாப்பியைப் படிக்கிற டிரைவின் மூக்கிலும் அப்பிக்கொண்டது.

புறப்படும்போது இன்னொன்றும் சொன்னார். கடையைக் காலி செய்கிறாராம். சென்னையில் மகள் பிரேமா வீட்டோடு போய்விடப் போகிறார். ஆடியில் வீடு மாறக் கூடாது என்பதால் ஆடி பிறக்கும் முன் கிளம்புகிறாராம். ஏழாம் தேதி விசேஷம் முடிந்தால், அடுத்த வாரம் ரயில்.

நல்லதுதான். பேரனோடு இருக்கலாம். ஆனால் இனி இந்த ஊரில் மிக்ஸி ரிப்பேர் ஆனால் யாரிடம் போவது? எனக்கு அந்தக் கவலைதான்.

ஜூன் 12, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்! யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் இதே அமிகாவை வைத்துக்கொண்டு பேசுகிறார். பாதி புரியவில்லை. புரிந்த பாதியே போதும்.

எமுலேட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி. பிளாப்பி டிரைவ் மாதிரியே இருக்கிறது, ஆனால் பிளாப்பி போடும் இடத்தில் பென்டிரைவ் செருக வேண்டும். ஒரு பென்டிரைவுக்குள் நூற்றுக்கணக்கான பிளாப்பிகளை நகல் எடுத்து அடுக்கிக்கொள்ளலாம். 000, 001, 002 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். முன்னால் உள்ள குமிழைத் திருகினால் எண் மாறும். கம்ப்யூட்டருக்கு எதுவும் தெரியாது. நிஜ பிளாப்பியைத்தான் படிக்கிறோம் என்று நம்பிக்கொண்டு இருக்கும்.

திரவியம் அண்ணாச்சியிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"ஏமாத்துக்காரப் பெட்டியால்லா இருக்கு" என்றார்.

"நல்லதுக்கு ஏமாத்துது அண்ணாச்சி."

"ஆர்டர் போடுங்க. ஒயரு நான் பாத்துக்கிடுதேன்."

ஜூன் 17, திங்கள்

வந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்குகிறது. கூரியர்காரரை நான் பார்த்த பார்வையில் அவர் கையெழுத்து வாங்காமலேயே போய்விட்டார்.

ஜூன் 20, வியாழன்

எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். இன்று போல ஒரு நாள் எனக்கு எப்போதாவதுதான் வருகிறது.

பழைய டிரைவை முதல் டிரைவாகவும் எமுலேட்டரை இரண்டாவதாகவும் திரவியம் அண்ணாச்சி இணைத்துக் கொடுத்தார். நான் பிளாப்பியின் தகட்டை விலக்கி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, வட்டை விரலால் சுற்றிச் சுற்றித் துடைத்தேன். சோப் போட்டுக் குழந்தைக்கு முகம் கழுவுகிற பக்குவத்தில் செய்ய வேண்டும், அழுத்தினால் போச்சு. பிறகு அமிகாவில் போட்டு, இதில் உள்ளதை அதற்குக் கொடு என்று கட்டளை. பழைய டிரைவ் கர்ர், கர்ர் என்றது. எமுலேட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டியது. நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

முடிந்தது! முப்பது வருஷத்துக்கு முந்தைய கல்யாணம் ஒன்று பென்டிரைவில் ஏறிவிட்டது. சிவகாமியும் லூர்துசாமியும். ஊரே பேசிய ஜோடி.

ஒவ்வொரு பிளாப்பிக்கும் பிறகு டிரைவின் படிக்கிற தலையைத் துடைக்க வேண்டும். நான் பிளாப்பி துடைக்க, அவர் தலை துடைக்க, பொழுது போனதே தெரியவில்லை. கென்னடி அண்ணன் வாசலில் வந்து நின்று, "கடைக்கு வரப்போறியா, இங்ஙனயே இருந்துக்கிடப்போறியா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேலை விஷயமாகத்தானே நிற்கிறேன்.

என் எழுத்துகள் உள்ள பிளாப்பியும் படித்துவிட்டது. அ முதல் ன வரைக்கும். ஃ மட்டும் இல்லை. அந்த எழுத்தில் யாரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

வேலாயுதம் – சரோஜினி இன்று படித்தது. கடைசியில் ஒரு இடத்தில் இடறியது. மறுபடி துடைத்துப் போட்டோம். அங்கேயேதான் இடறியது. ஓட்டிப் பார்த்தால், வலப்பக்கத்து அன்னத்துக்குத் தலை இல்லை. முண்டமாக நீந்தி வந்து அந்தப் பக்கத்து அன்னத்தைக் கொஞ்சுகிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"தலைதான போச்சி. போட்டவுகளே பக்கத்துல இருக்கும்போது என்ன?" என்றார் திரவியம்.

ஜூன் 24, திங்கள்

அன்னத்துக்குத் தலை முளைத்துவிட்டது. முன்னதைவிடக் கொஞ்சம் வெட்கப்படுகிறது. சரோஜினி அம்மாவுக்கும் வயது அறுபதை நெருங்குகிறது, படட்டும்.

ஜூன் 26, புதன்

இனிப் பழைய டிரைவ் வேண்டாம். திரவியம் அதைக் கழற்றி எடுத்துவிட்டு, எமுலேட்டரையே அமிகாவின் வாயில் உட்கார வைத்தார். பவர் போட்டால் போதும், டைட்டில் தானே ஓடும். மவுஸைத் தொட்டால் கென்னடி அண்ணனுக்கு வியர்க்கும் என்று அந்தக் காலத்திலேயே நான் செய்துவைத்த ஏற்பாடு. ஒருமுறை ஓடி முடிந்ததும் திரை கறுத்து நிற்கும். மவுஸைத் தட்டினால் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

ஒரே ஒரு குறை. சத்தமே இல்லை. கரகர என்று கேட்டால்தான் உள்ளே வேலை நடக்கிறது என்று தெரியும். இது ஊமையாக இருக்கிறது. நான் இதைச் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

சாயங்காலம் போனால் எமுலேட்டருக்குள் பொத்தான் அளவு ஸ்பீக்கர் ஒன்றைப் பற்றவைத்து வைத்திருக்கிறார். விளக்கு சிமிட்டும்போதெல்லாம் டிக் டிக் டிக் என்கிறது.

"சத்தம் இல்லாம ஒரு மாதிரியா இருக்குன்னியள்லா" என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

ஜூன் 27, வியாழன்

வேலாயுதம் சார் டைட்டில் 005-இல் இருக்கிறது. 000 காலியாகக் கிடந்தது. அதில் ஒரு சோதனை செய்தேன். டைட்டில் முழுவதையும் நகல் எடுத்து, பெயரை மட்டும் மாற்றிப் போட்டேன். எழுத்துகள் எல்லாம் பிசிறில்லாமல் வருகின்றனவா என்று பார்க்க வேண்டாமா? உ சரியாக வருகிறதா என்று பார்க்க உ-வில் ஒரு பெயர். தி சரியாக வருகிறதா என்று பார்க்க தி-யில் ஒரு பெயர். நாள், இடம் என்ற சொற்களுக்கு எதிரே எதையும் நிரப்பவில்லை. சோதனைக்கு எதற்கு?

எழுத்துகள் நன்றாகத்தான் வருகின்றன. நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தேன்.

அழித்துவிடலாம். இடம் நிறைய இருக்கிறது, அவசரம் இல்லை.

ஜூன் 30, ஞாயிறு

ஒரு சின்னத் தொல்லை. கரண்ட் போய் வந்தால் எமுலேட்டர் 000-இல் போய் நின்றுகொள்கிறது. ஒவ்வொரு தடவையும் குமிழைத் திருகி ஐந்துக்குக் கொண்டுவந்து, மூன்று விசையை ஒன்றாக அமுக்கி, அமிகாவை மறுபடி எழுப்ப வேண்டும்.

"பென்டிரைவத் தாங்க. அதுல ஒரு வரி மாத்துனா, கடைசியா எதுல நின்னுச்சோ அதுலயே நிக்குமாம். இன்னிக்கித்தான் படிச்சேன்" என்று அவர் கையை நீட்டினார்.

என் கை தானாகப் போய் பென்டிரைவைப் பொத்திக்கொண்டது.

"வேண்டாம் அண்ணாச்சி. இருக்கட்டும்."

"ரெண்டு நிமிச வேல."

"நான் திருகிக்கிடுதேன்னு சொல்லுதேன்லா!"

ரொம்பச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். அதற்குப் பதிலாகக் குமிழை எப்படித் திருகுவது, எந்த மூன்று விசை என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். நல்ல மூளை. சென்னையில் போய் வீணாகப் போகிறது.

ஜூலை 3, புதன்

குற்றாலத்திலிருந்து மங்குஸ்தான் வாங்கி வந்து கொடுத்தார். எனக்கு அந்தப் பழம் அவ்வளவாகப் பிடிக்காது. எல்லாவற்றையும் தின்றுவிட்டேன்.

பிரேமா பதினான்காம் தேதிக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாளாம். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். "அப்பா, அந்த ஸ்குரூ டிரைவர் மூட்டையெல்லாம் தூக்கிட்டு வராதீங்க, இங்க வைக்க இடம் இல்ல" என்றாள் அந்தப் பெண். அவர் சிரித்துக்கொண்டு சரிம்மா என்றார். போனை வைத்த பிறகு ஸ்குரூ டிரைவர்களை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

நான் என்ன சொல்வது? நல்ல பெண்தான். பாசத்தில்தானே கூப்பிடுகிறாள். நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. சொன்னால் என்னவென்று சொல்வது?

ஜூலை 5, வெள்ளி

ஒரு கடையைக் காலி செய்ய இத்தனை அட்டைப்பெட்டி எதற்கு? பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது.

ஜூலை 6, சனி

மண்டபத்தில் ஒத்திகை. அமிகாவை மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேஜையில் வைத்து, படத்தை மாற்றித் தருகிற ஒரு பெட்டி வழியாகப் பெரிய திரைக்கு ஒயர் இழுத்தோம். திரைக்காரர் அமிகாவைப் பார்த்துவிட்டு, "இது டைப் மிஷினா சார்?" என்று கேட்டார்.

பவர் போட்டதுமே நான் குமிழைத் திருகிவிட்டேன், யாருக்கும் இடம் கொடுக்காமல். டிக் டிக் டிக். என் அன்னங்கள் பனைமரம் உயரத்துக்கு நீந்தி வந்தன! பத்தொன்பது வயதில் பன்னிரண்டு அங்குல மானிட்டரில் வரைந்தது. ஒவ்வொரு புள்ளியும் செங்கல் செங்கலாகத் தெரிந்தது. அப்படியும் அழகாக இருந்தது. திரைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"யாரு போட்டது தெரியுமா?" என்று அவரிடம் கேட்டார் திரவியம். "இந்தா நிக்காகல்லா, இவுகதான்."

இவுகதான் என்று அவர் சொன்ன விதம்.

ஜூலை 7, ஞாயிறு

வரிசையாக எழுத வேண்டும்.

காலையிலிருந்து காற்றும் சாரலும். ஐந்தில் வைத்து டைட்டிலை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். முடிந்து திரை கறுத்துக் காத்திருந்தது. கலசத் தண்ணீர் ஊற்றி முடிந்து, வேலாயுதம் சாரும் சரோஜினி அம்மாவும் புதுப் பட்டு மாற்றப் போனார்கள். அவர்கள் திரும்பி மேடை ஏறும்போது டைட்டில், பிறகு மாங்கல்யம். எல்லார் கையிலும் அட்சதை கொடுத்தாயிற்று.

"பட்டு கட்ட நேரமாகும். வா, ரெண்டு இட்லியத் தின்னுட்டு வந்துருவோம்" என்று கென்னடி அண்ணன் என்னை இழுத்தார். திரவியம்தான் மேஜையில் இருந்தார்.

"வந்தாகன்னா மவுஸ மட்டும் தட்டுங்க அண்ணாச்சி. வேற எதையும் தொட்டுராதிய" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

இலையில் பொங்கல் வைத்தார்கள். வாயில் போட்டேன். கரண்ட் போனது.

பந்தியில் எல்லாரும் ஓ என்றார்கள். பின்கட்டில் ஜெனரேட்டர் இருமி இருமிப் பிடித்துக்கொண்டது. விளக்கு வந்தது. மின்விசிறி சுற்றியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கரண்ட் போய் வந்தால் பூஜ்யம். பவர் வந்தால் தானே ஓடும்.

இலையை மிதித்தேனா, யாரையாவது இடித்தேனா தெரியாது. எச்சில் கையோடு ஓடினேன். ஹாலுக்குள் நுழையும்போதே டிக் டிக் டிக் கேட்டது. தம்பதி அப்போதுதான் வாசலில் வந்து நின்றிருந்தார்கள். மொத்தக் கூட்டமும் எழுந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்னங்கள் இரண்டும் நடுவுக்கு வந்துவிட்டன. கழுத்தை வளைத்தன. குத்துவிளக்கு எரிந்தது. இதழ் உதிர்ந்தது. பிறகு என் கையால் வரைந்த எழுத்தில், பனைமரம் உயரத்தில்,

திரவியம்
உலகம்மாள்

என்று வந்து நின்றது.

பெயரைப் படிக்காதவர்கள் பாதிப் பேர் அட்சதையைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். படித்தவர்கள், "யாரு கல்யாணம்யா இது?" என்றார்கள். "நம்ம டிவி திரவியம்லா!" என்று ஒரு குரல். ஹால் முழுக்கச் சிரிப்பு. என் பின்னால் கென்னடி அண்ணன், "ஏ உலகு" என்றார், வாயில் இட்லியோடு.

திரவியம் மேஜையருகே நின்றுகொண்டிருந்தார். அவருடைய கை குமிழின் மேலேயே இருந்தது. திருகவில்லை. அண்ணாந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையிலும் தோளிலும் மஞ்சள் அரிசி. கடைசி இதழ் விழுந்து திரை கறுக்கும் வரைக்கும் அப்படியே நின்றார். பிறகுதான் குனிந்து, ஒவ்வொரு எண்ணாகத் திருகி ஐந்துக்கு வந்து, மூன்று விசையை அமுக்கினார்.

சரியான டைட்டில் ஓடியது. சரோஜினி அம்மா, "அதே அன்னந்தாங்க!" என்று நடுவழியில் நின்றுவிட்டார். வேலாயுதம் சார் மூக்கை உறிஞ்சினார். சுபாஷினி விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். கெட்டிமேளம் முழங்கியது. இதையெல்லாம் நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். வெற்றிதான். முப்பது வருஷத்தில் நான் போட்ட டைட்டிலுக்கு முதல் தடவையாகக் கைதட்டல். அதை நின்று வாங்கிக்கொள்ள எனக்கு முகம் இல்லை. அமிகாவை அங்கேயே விட்டுவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வெட்கம் பிடுங்கித் தின்கிறது. இந்த வயதில். ஊர் முன்னால். அவர் ஏன் திருகவில்லை?

ஜூலை 8, திங்கள்

ஸ்டூடியோவுக்குப் போகவில்லை. போனை எடுக்கவில்லை. மழையில் துணி துவைத்தேன்.

சாயங்காலம் வாசலில் ஆட்டோ. அவர்தான், அமிகாவைப் பிள்ளை மாதிரி பிளாஸ்டிக் தாளில் சுற்றிக்கொண்டு இறங்கினார். கூடத்தில் மேஜைமேல் வைத்தார். பென்டிரைவை எடுத்துத் தனியாக என் கையில் கொடுத்தார்.

"இதத் தொறந்து பாக்கல" என்றார்.

"அண்ணாச்சி, அது சும்மா... எழுத்து சரியா வருதான்னு..."

"எழுத்து சரியாத்தான் வந்திச்சி."

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. "ஒங்களுக்குத் திருகத் தெரியாதா? நான்தான சொல்லித் தந்தேன்? ஒரு திருகு திருகியிருந்தா எம் மானம் போயிருக்காதுல்லா?"

"தெரியும்."

"பெறகு ஏன் திருகல?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முழுசும் பாக்கணும்னு இருந்திச்சி" என்றார்.

வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

"ஒரு கொறைதான் உலகம்மா. 'நாள்'னு போட்டு எதுத்தாப்புல ஒண்ணும் போடாம விட்டுட்டிய."

நான் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி, "காப்பி குடிக்கியளா?" என்றேன். அவர் வெளியே போய் ஆட்டோவை அனுப்பிவிட்டு வந்தார்.

காப்பியில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவரும் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டார். படி இறங்கும்போது, "இன்னொண்ணு. அந்த அண்ணாச்சிய மட்டும் விட்டுருங்க" என்றார்.

ஜூலை 10, புதன்

பிரேமா போன் செய்தாள். யாரோ மண்டபத்தில் எடுத்த வீடியோ சென்னை வரைக்கும் போய்விட்டது.

"அத்தை, பாத்தேன்" என்றாள். அழுதாளோ என்னவோ. "அம்மா போனதுக்கப்புறம் அப்பாவ தனியா விட எனக்கு பயம். அதான் கூப்பிட்டேன். வேற ஒண்ணும் இல்ல."

"தெரியும்மா."

"ஒரே ஒரு தப்பு இருக்கு அதுல. அப்பாவுக்கு இனிஷியல் போடல. சு போடணும். தாத்தா பேரு சுடலைமுத்து."

ஜூலை 14, ஞாயிறு

சென்னை ரயில் போய்விட்டது. மிக்ஸி சரியில்லை என்று அந்தப் பக்கமாகப் போனேன். கடை ஷட்டர் திறந்திருந்தது. அட்டைப்பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். மிக்ஸியில் ஒரு கோளாறும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் கழற்றிப் பார்த்தார்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதத்துக்கு ஊரில் யாரும் வீடு மாற மாட்டார்கள். விசேஷமும் கிடையாது. ஸ்டூடியோ காற்றாடுகிறது. கென்னடி அண்ணன் அவர் பாட்டுக்கு, "ஆவணியில எனக்கு ஒரு கல்யாண ஆர்டர் இருக்கு, வீடியோவுக்குப் பணம் வாங்க மாட்டேன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் திரவியம் வீட்டுக்கு வந்தார், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அமிகாவை எழுப்பினேன். டிக் டிக் டிக். நேராகப் பூஜ்யத்தில் போய் நின்றது. அவருடைய பெயருக்கு முன்னால் சு. போட்டேன். பிறகு நாள் என்று இருக்கும் இடத்துக்கு வந்தேன். ஆவணி. ஆ, ஒரு ஆவுடையம்மாளுக்காக நான் வரைந்தது. வ, வள்ளிநாயகத்துடையது. ணி, ஒரு ரமணியின் கடைசி எழுத்து. எல்லாரிடமிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்து என் நாளை எழுதினேன். ஒரு எழுத்துகூடப் புதிதாக வரைய வேண்டியிருக்கவில்லை.

எழுதி முடித்ததும் அவர் கேட்டார், "இப்பமாவது பென்டிரைவத் தரியளா? அந்த ஒரு வரிய மாத்திருதேன். கரண்ட் போனா ஒவ்வொரு தடவையும் பூஜ்யத்துலல்லா போயி நிக்குது?"

"நிக்கட்டுங்க" என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். நான் 'அண்ணாச்சி' என்று சொல்லவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.